கைப்பிடி அரிசி



போன வாரம் 1996 பத்தாம் வகுப்பு செட்டுப் பையன் ஒருவன் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அழைக்க வந்திருந்தான். பையன் என்று எழுதுகிறேன், தலை பாதி நரைத்துவிட்டது. காப்பி போட நான் அடுக்களைக்குள் போனபோது, "நானும் வாரேன் டீச்சர்" என்று பின்னாலேயே வந்தான். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த பழைய பால்பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதென்ன டீச்சர், அரிசியைத் தனியா கொஞ்சூண்டு வச்சிருக்கிய? கோழிக்கா?" என்று கேட்டான்.

"கோழிக்கு இல்லடா, கோயிலுக்கு" என்றேன். "எங்க ஆச்சியும் கோயிலுக்குன்னு பிடி அரிசி எடுத்து வைப்பாங்க டீச்சர், இப்ப ஆரும் வைக்கல" என்றான். அவன் இந்துப் பையன். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடி அரிசி எடுத்து வைக்கும்படி வீட்டுப் பெண்களிடம் சொல்லிவந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நல்ல காரியம் எல்லா வீட்டு அடுக்களையிலும் இருந்திருக்கிறது.

காப்பியைக் குடித்துவிட்டு அவன் போய்விட்டான். அந்த டப்பாவைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். உங்களுக்குப் புதிதா? நான் ஒரு கணக்கைக் கரும்பலகை முழுக்கப் போடுகிறவள்தானே.

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு ஓரம். செம்மண்ணும் பனையும்தான் சொத்து. 1799-ல் உண்டான முதலூரைத் தொடர்ந்து கிறிஸ்தவர்கள் சேர்ந்து குடியேறிய ஊர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. நடுவில் ஆலயம், சுற்றிலும் வீடுகள், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். எங்கள் ஊரும் அந்த மாதிரிதான். காலையில் மணி அடித்தால் எழும்ப வேண்டும். சாயங்காலம் மணி அடித்தால் விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். சாவுக்கு ஒரு மணி, கல்யாணத்துக்கு ஒரு மணி. கடிகாரம் இருந்த வீடு ஊரில் இரண்டோ மூன்றோ.

அப்பாவுக்குப் பனையேற்று. பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் பதநீர் உண்டு, விடிலியில் அம்மை காய்ச்சி எடுக்கிற கருப்பட்டி உண்டு, வீட்டில் ஏதோ கொஞ்சம் காசு புழங்கும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழை, பனை ஏற முடியாது. ஏழு பேருக்கு அரைப் படி அரிசியில் கஞ்சி வைத்த நாள்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த அரைப் படியிலும் அம்மை, அரிசியைக் களையும் முன்னால் ஒரு பிடி அள்ளிச் சின்ன மண் கலயத்தில் போடுவாள். போடும்போது உதடு அசையும். என்ன சொல்வாள் என்று யாருக்கும் கேட்காது. சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்திலிருந்து ஒருவர் ஓலைப்பெட்டியோடு வந்து கலயத்தை வாங்கிக் கவிழ்த்துக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்த அரிசியை ஆலய வாசலில் ஏலம் விடுவார்கள். முதல் காய்த்த முருங்கைக்காய், முதல் குலை வாழை, கோழியின் முதல் முட்டை, எல்லாம் அந்த ஏலத்தில் வரும். ஒரு முட்டையை முட்டைக்கு உள்ள விலையைப் போல நாலு பங்குக்குக் கேட்டு எடுத்துவிட்டு, அதை யாராவது ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் கையில் கொடுத்துவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு.

அரிசிக் காசு மிஷனெரி ஊழியத்துக்குப் போகும். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர். தோர்ணக்கல் பக்கம் தெலுங்கு ஜனங்களுக்கு நடுவில் ஊழியம் செய்து, 1912-ல் அங்கேயே பேராயரானவர். பனையேறிகளும் சம்சாரிகளும் கொடுத்த காசில்தான் இங்கிருந்து அவ்வளவு தூரம் ஆள் அனுப்பினார்கள். மிசோரத்துக் கிறிஸ்தவப் பெண்களும் நூறு வருடத்துக்கு மேலாக இதே மாதிரி ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள் என்று பின்னாளில் வாசித்தபோது, மலை உச்சியில் எனக்கு ஒரு சொந்தம் கிடைத்த மாதிரி இருந்தது.

சின்னதில் எனக்கு இதெல்லாம் விளங்கவில்லை. ஒரு கார்த்திகையில், கஞ்சி தண்ணியாய் இருந்த ஒரு நாள், அம்மையிடம் கேட்டேவிட்டேன். "நமக்கே இல்ல. இதுல ஆருக்கும்மா எடுத்து வைக்க?"

அம்மை என்னைத் திட்டவில்லை. "இல்லாதவ போடுததுதாம்ளா பிடி அரிசி. இருக்கவன் போட்டா அது மிச்ச அரிசி" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மை. சாறிபாத் ஊர் விதவையின் கதையை ஆலயத்தில் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். பானையில் ஒரு பிடி மாவு மட்டும் மிச்சமிருந்த அந்த விதவை தனக்குச் சொந்தக்காரி என்பது போலத்தான் பேசுவாள்.

1967-ல் நான் ஏழாம் வகுப்பு. அப்பா பனையிலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கை. அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது, பனையேறப் பழகவில்லை. நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு விடிலி வேலைக்குப் போவதாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சங்கத்துப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். கலயத்தை வாங்க வந்தவர்கள் என்று நினைத்து அம்மை எடுத்துக்கொண்டு போனாள். அவர்கள் பெட்டியோடு அரிசியை எங்கள் வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்தார்கள். ஊர் முழுவதும் அந்த வாரம் பிடித்து வைத்த அரிசி. "ஏலம் விடல. இந்த வீட்டுக்குன்னு ஐயரும் சொல்லிட்டாரு" என்றார் மூத்தவர். நாலு மாதமும் அரிசி வந்தது. புழுங்கல், பச்சை, சிவப்பு, வெள்ளை, குருணை, எல்லாம் கலந்த அரிசி. ஒரு பக்கம் குழையும், ஒரு பக்கம் வேகாது. அந்தச் சோற்றைத் தின்றுதான் நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன். நான் உங்களுக்கு டீச்சரானதற்கு முதல் காரணம் அந்தக் கலப்பட அரிசி.

அப்போதும் அம்மை, வந்த அரிசியை உலையில் போடும் முன்னால் அதிலிருந்தே ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இரவில் குடும்ப ஜெபம். வேளைக்கு ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வசனம். வசனம் சொல்லாதவர்களுக்குச் சோறு இல்லை. வேதத்திலேயே சின்ன வசனம் எது என்று கண்டுபிடித்து, என் தம்பி ஒரு வருடம் பூராவும் அதை ஒன்றையே சொல்லிச் சோறு வாங்கினான். ஜெபத்தில் அப்பா ஊரிலுள்ள சீக்காளிகள் பேரையெல்லாம் வீடு வீடாகச் சொல்வார். எங்களுக்குத் தூக்கம் சொக்கும். ஆனால் தெருவில் யாருக்கு என்ன நோவு என்பது அந்த ஜெபத்தில்தான் எங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் நல்ல கதை. இனிமேல் சொல்லப்போவது என் கதை, அவ்வளவு நல்லதில்லை.

நான் படித்து, வேலையாகி, கல்யாணமாகி, வெளியூரில் இருந்தேன். அப்பா போன பிறகு அம்மை அண்ணன் வீட்டில் இருந்தாள். கடைசி இரண்டு வருடம் படுக்கை. 2005-ல் அம்மை போனாள். அம்மையின் காரியமெல்லாம் முடிந்து, வீடும் விளையும் பங்கு வைக்க உட்கார்ந்தோம். கிணற்றுக்குப் போகிற நடைபாதை யார் பங்கில் வரும் என்பதில் பேச்சு தடித்தது. ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் மதினியைப் பார்த்துச் சொன்னேன்: "அம்மைக்கு நேரத்துக்குக் கஞ்சி ஊத்தாதவங்களுக்குப் பாதை ஒரு கேடா?"

அது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். இரண்டு வருடம் அம்மையின் பீ, மூத்திரம் அள்ளியவள் மதினி. நான் மாதம் ஒரு தடவை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போனவள்.

மதினி ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாதை எனக்குத்தான் கிடைத்தது.

2013-ல் பணி ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, என் பங்கில் வீடு கட்டினோம். பக்கத்து வீடு அண்ணன் வீடு. நடுவில் ஒரு சுவர். அண்ணன் அதற்கு முந்தின வருடமே இறந்துவிட்டார். துட்டி வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன், மதினியோடு பேசவில்லை. ஊருக்கு வந்தும் ஐந்து வருடம் பேசவில்லை. மொத்தம் 13 வருடம்.

இத்தனைக்கும் நான் ஒரு ஞாயிறும் ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். பெண்கள் சங்கத்தில் கணக்கு எழுதினேன். அடுக்களையில் டப்பா வைத்து நாள் தவறாமல் பிடி அரிசி போட்டேன். சி.எஸ்.ஐ. திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கிற ஒரு இடம் உண்டு. ஐயர் கொடுக்கிற கை ஒருவர் மாற்றி ஒருவராக வரிசை வரிசையாக வரும். பக்கத்தில் இருப்பவர் கையை நம் இரண்டு கைக்குள் வாங்கி, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். மதினி எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்து, அந்தக் கை என்னிடமிருந்து அவளுக்குப் போகாதபடி இரண்டு வரிசை தள்ளித்தான் உட்காருவேன். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லுகிற மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை நானே பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். ஒப்பித்தவர்களுக்குப் பென்சில் பரிசு கொடுத்திருக்கிறேன்.

2018 ஜூலையில் எங்க வீட்டு சார் போய்விட்டார்கள். காலையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், நான் காப்பியோடு வருவதற்குள் இல்லை.

துட்டி வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று ஊர் சோறு கொண்டுவந்தது. சாயங்காலம் சாயங்காலம் வந்து ஜெபம் நடத்தினார்கள். மகன் ஒரு மாதம் இருந்தான், "என்கூட பெங்களூர் வந்துருங்கம்மா" என்று கெஞ்சினான். நான் போகவில்லை. அவன் லீவு முடிந்து போனான். வீடு காலியாகிவிட்டது.

அப்போது எனக்கு ஜெபம் வரவில்லை. உள்ளதைச் சொல்லுகிறேன். முழங்கால் போட்டால் வார்த்தை வராது. வேதாகமத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், அர்த்தம் ஏறாது. பாமாலைப் புத்தகத்தை எடுத்தால் அவர்கள் அடிக்குரலில் பாடுவது காதில் கேட்கும், மூடி வைத்துவிடுவேன். கர்த்தர் இருக்கிறாரா என்ற சந்தேகம் வரவில்லை. இருக்கிறார், என் வீட்டில் இல்லை, அப்படித்தான் தோன்றியது. கால் வலி என்று சொல்லி ஆராதனைக்குப் போவதையும் விட்டேன்.

ஒருத்திக்கு ஒரு ஆழாக்கு அரிசி போதும். அதைப் பொங்கவும் மனது வராது. பல நாள் பிஸ்கட், வெறும் காப்பி. பொங்குகிற நாளில் மட்டும், அரிசியை அளந்ததும் கை தானாக ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டுவிடும். என் மனது அதில் இல்லை. ஐம்பது வருடப் பழக்கம், கைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் அரிசி வாங்க வருகிற அக்கா மகள் பிரசவத்துக்குத் தூத்துக்குடி போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை வாசலில் பெட்டியோடு நின்றது என் மதினி.

"அரிசி" என்றாள். அவ்வளவுதான். நான் டப்பாவை எடுத்து வந்து கொட்டினேன். போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமையும் அதே மாதிரி. மூன்றாவது சனிக்கிழமை, டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, அரிசியைப் பெட்டியில் கவிழ்க்காமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். கையை விட்டு அள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"மூணு பிடிதான் இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. காணிக்கை குறைந்ததைக் கேட்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன். "நான் ஒருத்திதான இருக்கேன்" என்றேன் வெடுக்கென்று.

"ஒருத்தின்னாலும் வாரத்துக்கு ஏழு நாள்தான? போன வாரம் நாலு பிடி. அதுக்கு முந்தின வாரம் அஞ்சு. நாலு நாளா அடுப்பே பத்த வைக்கலியா நீ?"

கணக்கு டீச்சர் நான். முப்பத்து நாலு வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். என் வீட்டு டப்பாவில் இருந்த கணக்கை அவள் போட்டுவிட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர்கள் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. மதினி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, என்னைத் தாண்டி உள்ளே போனாள். அடுப்பைப் பற்ற வைத்துக் கொஞ்சம் கஞ்சி வைத்தாள், வீட்டில் இருந்த பயறைப் போட்டுத் துவையல் அரைத்தாள். தட்டை என் மடியில் வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு, "ஜெபம் பண்ணுதியா?" என்று கேட்டாள்.

"வரல மதினி" என்றேன். 13 வருடத்துக்குப் பிறகு நான் அவளை மதினி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"வரலன்னா கெடக்கு. நான் பண்ணுதேன். நீ ஆமென் மட்டும் சொல்லு."

அவள் நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். நீட்டி முழக்கி ஜெபிக்கத் தெரியாது. தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லி, சீக்காளிகளைச் சொல்லி, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளைச் சொல்லி, கடைசியில் என் பேரைச் சொன்னாள். அச்சு அசல் எங்கள் அப்பாவின் ஜெபம். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து அவரிடம் கேட்டுப் படித்தது. எங்கள் வீட்டு ஜெபம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடமும் உயிரோடு இருந்திருக்கிறது, நான் கேட்கவில்லை. நான் ஆமென் சொன்னேன்.

தினமும் சாயங்காலம் வந்தாள். இரண்டு மாதம் நான் ஆமென் மட்டும்தான் சொன்னேன். அந்த இரண்டு மாதமும் என் விசுவாசத்தை அவள்தான் சுமந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அந்தக் கதையை எத்தனை தடவை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! எல்லாத் தடவையும் நான் தூக்குகிற நாலு பேரில் ஒருத்தி என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

மன்னிப்பு கேட்க எனக்கு அதற்கு மேலும் நாளாயிற்று. அவளிடம் சோறு வாங்கிச் சாப்பிடுவது சுலபமாக இருந்தது, அந்த வார்த்தையைத் திரும்ப எடுப்பது கஷ்டமாக இருந்தது. நவம்பரில் ஒரு மழை நாள், கரண்டு இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சொல்லிவிட்டேன். "அம்மை விஷயத்துல நான் சொன்னது பொய் மதினி. பத்துப் பேர் நடுவுல சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க."

அவள் உடனே கட்டிப்பிடித்துக்கொண்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கொஞ்ச நேரம் மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பேச்சு எனக்கு மறக்கல. சாவு மட்டும் மறக்கும்னு சொல்ல மாட்டேன். அத்தைக்கு நான் ஊத்துன கஞ்சி அத்தைக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "ஆனா அதை நெனச்சுக்கிட்டே இருந்தா எனக்கு ராத்திரி ஜெபம் முடிய மாட்டேங்கு. அதனால உன்னை எப்பமோ விட்டுட்டேன். நீதான் வரல" என்றாள்.

பத்துப் பேர் நடுவில் சொன்னதைப் பத்துப் பேர் நடுவில்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஐந்து பேர்தான் உயிரோடு இருந்தார்கள். ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒருவர், "எங்களுக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர்" என்றார். அதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக வலித்தது. கிணற்றுப் பாதையையும் இரண்டு வீட்டுக்கும் பொது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருடம் ஊரில் அசனம். வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்லுகிறேன், அசனம் என்றால் ஊர் கூடிச் சமைத்து ஊர் கூடிச் சாப்பிடுகிற பண்டிகை. வீட்டுக்கு வீடு அரிசியும் காசும் ஆடும் வரும். ராத்திரி பூராவும் ஆண்கள் அண்டா அண்டாவாகச் சமைப்பார்கள். பெண்கள் வெங்காயம் உரித்தே விடியவைப்பார்கள். மறுநாள் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ரசமும். பக்கத்து ஊர்க்காரர்கள், இந்து, முஸ்லிம் என்று யார் வந்தாலும் இலை உண்டு. ஒரே பந்திதான். கூலி வேலைக்காரர் பக்கத்தில் காலேஜ் புரொபசர் உட்கார்ந்திருப்பார். வருடத்தின் மற்ற 364 நாளும் நாங்கள் அவ்வளவு ஒழுங்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சபைத் தேர்தல் வந்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டோம். ஜாதி பார்க்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டே பெண் கொடுக்கும்போது பார்ப்போம். அந்த ஒரு நாள் இலை, மற்ற நாள்களுக்கு ஒரு சாட்சி மாதிரி கிடக்கிறது.

அந்த அசனத்துக்கு மதினியும் நானும் ஒரே சாக்கில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். ஊர் முழுவதும் ஓரக்கண்ணால் பார்த்தது. "டீச்சர் அழுதாகளே" என்று ஒரு பெண் சொல்ல, "வெங்காயத்துக்குத்தாம்ளா, வேலையைப் பாரு" என்றாள் மதினி. அந்த ஞாயிறு திருவிருந்தில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். சமாதானத்தின் கை அவளிடமிருந்துதான் எனக்கு வந்தது. கருப்பட்டி காய்ச்சிக் காய்ச்சித் தழும்பேறின கை.

இப்போது மதினிக்கு முழங்கால் முடியவில்லை. அவள் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் சேர்த்து அரிசி வாங்கப் போவது நான்தான். மொத்தம் 23 வீடு. சனிக்கிழமை நாலு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஏழரை ஆகும். அரிசி வாங்க அவ்வளவு நேரம் ஆகாது, தெரியும்தானே. எந்த வீட்டில் டப்பா குறைந்திருக்கிறதோ அந்த வீட்டில் நான் அரிசியைப் பற்றிக் கேட்பதில்லை. உட்கார்ந்துவிடுவேன். ஒரு வீட்டில் மருமகளுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஒரு வீட்டில் மகன் குடி. ஒரு வீட்டில் கிழவரும் கிழவியும் ஆளுக்கு ஒரு மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்து வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2020-ல் ஆலயம் பூட்டியிருந்த கொரோனா மாதங்களில், வேலை போன வீடுகளுக்கு அந்த அரிசியைத்தான் கொண்டு கொடுத்தோம். அப்போதும் அது கலப்பட அரிசிதான், ரேஷன் அரிசியும் பொன்னியும் சேர்ந்தது.

இளவட்டப் பிள்ளைகள், "எதுக்கு டீச்சர் இந்த வயசுல வீடு வீடா அலையுதிய? மாசம் ஒரு தொகையை ஜிபேயில போட்டுருதோமே" என்கிறார்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, சபைக்கு அது பெரிய உதவி. ஆனால் மூன்று பிடியா ஏழு பிடியா என்று ஜிபேயில் தெரியாது. என்னைப் போல ஒருத்தி நாலு நாள் பட்டினி கிடந்தாலும் பணம் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

என் ஜெபம் திரும்ப வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தது, பழைய மாதிரி இல்லை. முன்னே நான் நன்றாக ஜெபிப்பேன், மற்றவர்கள் கேட்டு மெச்சுவார்கள். இப்போது சின்னச் சின்னதாகத்தான் வருகிறது. காலையில் அரிசியை அளந்து ஒரு பிடி எடுக்கும்போது ஒரு வீட்டின் பேரைச் சொல்லுவேன். 23 வீடு முடிய 23 நாள். பிறகு முதலிலிருந்து. சில நாள் உங்கள் பேரும் வரும், ரோல் நம்பரோடு ஞாபகம் வரும். அம்மையின் உதடு அசைந்தது இதற்காகத்தானோ என்று நினைத்துக்கொள்ளுவேன்.

சில நாள் மனது வராது. அன்றைக்கும் கை போடும். போடட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

பிள்ளைகளே, உங்களில் பல பேர் வேறு வேறு தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள், சிலர் எதையும் கும்பிடாதவர்கள். யாரையும் மாற்ற இதை எழுதவில்லை. இரண்டு காரியம் மட்டும் டீச்சர் கேட்டுக்கொள்ளுகிறேன். தனியாக இருக்கிற ஒருவர் வீட்டு வாசலுக்கு வாரத்தில் ஒரு நாள் போய் நில்லுங்கள், கையில் பெட்டி இல்லாவிட்டாலும் சரி. அடுத்தது, 13 வருடமாகப் பேசாத ஆள் யாராவது இருந்தால் 14-ஆவது வருடத்துக்குக் காத்திருக்க வேண்டாம். என் அண்ணன் இருக்கும்போதே நான் பேசியிருக்கலாம். அந்தக் கணக்கு மட்டும் எனக்கு நேராகாமலே நிற்கிறது.

மதினியிடம் இதை வாசித்துக் காட்டித்தான் போடுகிறேன். "என் பேரைப் போடாத" என்றாள், போடவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "துவையல் பயத்தந் துவையல் இல்ல, கானத் துவையல். தப்பா எழுதிருக்க" என்றாள். மேலே அதைத் திருத்தவில்லை, இங்கே திருத்திக்கொள்ளுங்கள்.

பால்காய்ப்புக்கு நானும் மதினியும் சேர்ந்து வருகிறோம் என்று அந்தப் பையனுக்கு யாராவது சொல்லிவிடுங்கள்.

எல்லாரும் சுகமாயிருங்கள்.

உங்கள் கணக்கு டீச்சர்